கரண்ட் தொடங்க முன் ஐந்து பல்லைக் கழற்றச் சொல்கிறார்கள், உண்மையிலேயே அவசியமா?

நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்டது இப்படி. அப்பாவுக்கு 63 வயது, வெள்ளவத்தையில் உங்களோடு இருக்கிறார். நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் 35 நாள் கதிர்ச் சிகிச்சையும் (இதைத்தான் 'கரண்ட்' என்கிறீர்கள்), கிழமைக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் என்று முடிவாகியிருக்கிறது. அதற்கு முன் பல்லைக் காட்டச் சொன்னார்கள். பல் வைத்தியர் பார்த்துவிட்டு ஐந்து பல்லைக் கழற்ற வேண்டும் என்கிறார். அதில் இரண்டு நோகவே இல்லை. அப்பா மாட்டேன் என்கிறார், கனடாவில் இருக்கும் அண்ணா "முதலில் கேன்சரைப் பாருங்கோ, பல்லைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார். நீங்கள் நடுவில்.

என் பதில்: கழற்றட்டும். ஆனால் இந்தக் கிழமைக்குள் கழற்றட்டும். பல்லுக்காகச் சிகிச்சை மாதக்கணக்கில் பிந்தக் கூடாது. அண்ணா சொல்வதில் அந்தப் பாதி சரி. "பிறகு பார்க்கலாம்" என்ற மறுபாதிதான் பிழை, ஏனென்றால் பிறகு இருக்கப்போவது இப்போது இருக்கும் தாடை அல்ல.

கதிரின் அளவைக் 'கிரே' என்று கணக்கிடுவார்கள். அப்பாவுக்குத் திட்டமிட்டிருப்பது அநேகமாக நாளுக்கு 2 கிரே வீதம், கிழமைக்கு ஐந்து நாள், மொத்தம் 70 கிரே அளவில் இருக்கும். அந்தக் கதிர் கட்டியைக் கொல்லும்போது வழியில் கிடக்கும் தாடை எலும்பையும் தொடுகிறது. எலும்புக்குள் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்கள் மெதுவாகச் சுருங்கி அடைபடும், எலும்பைப் புதுப்பிக்கும் உயிரணுக்கள் குறையும். வாய்க்கால் அடைபட்ட வயல் மாதிரி: பார்வைக்கு அப்படியே கிடக்கும், கிண்டினால்தான் தெரியும். ஒரு வருடம் கழித்துச் சூத்தைப் பல் ஒன்று நொந்து அதைக் கழற்றினால், சாதாரணமாக மூன்று நான்கு கிழமையில் மூடவேண்டிய குழி மூடாமலே போகலாம். அப்போது எலும்பு வெளியே தெரியும், சீழ் பிடிக்கும், சிலருக்குக் கன்னத் தோலில் ஓட்டை விழும், தாடை தானாகவே முறியும். அந்த நிலைக்கு வந்தவர்களில் சிலருக்குத் தாடையின் ஒரு துண்டையே வெட்டியெடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்துப் பொருத்த வேண்டி வரும். கட்டி முற்றாகக் குணமான ஆளுக்கு இப்படி நடப்பதுதான் பெரிய கொடுமை.

பயப்படுத்த எழுதவில்லை. இன்றைய சிகிச்சை முறைகளில் இது வருவது நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. கதிர் படுகிற எல்லாப் பல்லும் இப்படி ஆவதுமில்லை. தாடையின் எந்த இடம் 50 கிரேக்கு மேல் வாங்குகிறதோ அங்கேதான் ஆபத்து கூடுகிறது, 60ஐத் தாண்டினால் இன்னும் கூடும். மேல் தாடையைவிடக் கீழ்த் தாடைக்கே அதிகம் வரும். கீழ்த் தாடை அடர்த்தியான எலும்பு, அதன் உள்ளே இரத்தம் கொண்டுபோவது பெரும்பாலும் ஒரே குழாய்தான். மேல் தாடைக்குப் பல பக்கத்தாலும் இரத்தம் வரும். இந்த ஆபத்து காலப்போக்கில் தீர்ந்துபோவதுமில்லை. பத்து வருடம் கழித்தும் வரலாம்.

இதை வைத்துக்கொண்டு அந்த நோகாத இரண்டு பல்லையும் பாருங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் பல்லைப் பார்க்கும்போது "இது இப்போது நோகிறதா" என்பது எங்கள் கேள்வி அல்ல. "இந்தப் பல் அடுத்த பத்து, பதினைந்து வருடம் தொந்தரவு தராமல் நிற்குமா" என்பதுதான் கேள்வி. பதில் சந்தேகமாக இருந்தால், அது கதிர் படும் இடத்திலும் இருந்தால், கழற்றுவோம். முரசுக்கும் பல்லுக்கும் இடையில் கம்பி விட்டுப் பார்க்கும்போது 6 மில்லிமீற்றருக்கு மேல் இறங்குகிற பல், ஆடுகிற பல், அடைக்க முடியாத அளவுக்குச் சூத்தை விழுந்த பல், உடைந்து வேர் மட்டும் மிஞ்சியது, வேர் நுனியில் சீழ்ப் பை இருப்பது, பாதி முளைத்து அடிக்கடி வீங்குகிற ஞானப்பல் எல்லாம் இந்த வகைக்குள் வரும். வேர் நுனிச் சீழ்ப் பை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும், ஓபிஜி என்கிற முழுத் தாடை எக்ஸ்ரேயில்தான் தெரியும். உங்கள் அப்பாவின் கீழ்க் கடைவாய்ப்பற்கள் இரண்டிலும் வைத்தியர் கண்டது அநேகமாக இதில் ஒன்றாக இருக்கும். கேளுங்கள், எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள். தன் கண்ணால் பார்த்தபின் சம்மதிக்கிற அப்பாமார் நிறையப் பேர்.

ஒரு காலத்தில் கதிர் கொடுக்க முன் வாயிலிருக்கும் எல்லாப் பல்லையும் கழற்றிவிடுவார்கள். இப்போது அது இல்லை, அப்படி யாராவது சொன்னால் இரண்டாவது அபிப்பிராயம் கேளுங்கள். நல்ல பல்லை வைத்துத்தான் மனிதர் சாப்பிட வேண்டும். முழுக்க எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லையும் தொந்தரவில்லாவிட்டால் விட்டுவிடலாம், அதைக் கிளறி எடுப்பதால் பெரிய காயம்தான் மிச்சம். சூத்தையை அடைத்துக் காப்பாற்றலாம் என்றால் அடைப்பதே நல்லது. முன்பல் ஒன்றுக்கு ரூட் கனால் செய்து வைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அதையெல்லாம் செய்து முடிக்க நாள் வேண்டும், அப்பாவுக்கு அந்த நாள் இல்லை.

இங்கே நீங்கள் கதிர்ச் சிகிச்சை வைத்தியரிடம் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. "தாடையின் எந்தப் பகுதி 50 கிரேக்கு மேல் வாங்கும்?" நாக்கடிப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பக்கம்தான் அதிகம் வாங்கும், முன் பக்கம் குறைவாக வாங்கும். அந்த வைத்தியர் இரண்டு வரி எழுதித் தந்தால், பல் வைத்தியர் ஐந்தில் ஒன்றையோ இரண்டையோ விட்டுவைக்கவும் கூடும். கொழும்பில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற குறை இதுதான்: இரண்டு வைத்தியர்களும் திறமானவர்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை, நோயாளியின் பிள்ளை நடுவில் ஓடித்திரிகிறது. கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

இனி நாள் கணக்கு. பல் கழற்றினால் கதிர் தொடங்க முன் அந்தக் காயம் ஆறக் குறைந்தது இரண்டு கிழமை வேண்டும், மூன்று கிழமை கிடைத்தால் நல்லது. கேட்கப் பெரிய தாமதமாகத் தெரியும். ஆனால் கதிர்ச் சிகிச்சை நாளைக்கே தொடங்குவதில்லை. முகத்துக்குப் பிளாஸ்டிக் வலை முகமூடி செய்ய வேண்டும், அதோடு சிரி ஸ்கேன் எடுக்க வேண்டும், பிறகு பௌதிகவியலாளர்கள் உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். இதற்கே நாட்கள் போகும். முகமூடி செய்ய முன்னரே பல் கழன்றுவிட்டால் காயம் ஆறும் நாளும் திட்டம் போடும் நாளும் ஒன்றாக ஓடும், ஒரு நாளும் வீணாகாது. முகமூடி செய்தபின் கழற்றினால் கன்னம் வீங்கி முகமூடி பொருந்தாமல் போகும், சில நேரம் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஐந்தையும் ஒரே இருப்பில் கழற்றி, கூரான எலும்பு விளிம்பை மழுக்கி, முரசை இழுத்துத் தைத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். திறந்த குழியைவிடத் தைத்த காயம் கெதியாக ஆறும்.

கட்டி வேகமாக வளருகிறது, மூச்சுக்கோ விழுங்குவதற்கோ இடைஞ்சல் என்று புற்றுநோய் வைத்தியர் சொன்னால் கதை வேறு. அப்போது அவர் சொல்லும் நாளே நாள். பல் அதற்குள் அடங்க வேண்டும்.

சரி, ஒன்றும் செய்யாமல் தொடங்கினால் என்ன? பெரிய ஆபத்து வருடம் கழித்து வரும் எலும்பு அழுகல் மட்டுமல்ல. மூன்றாம் கிழமையில் ஒரு கடைவாய்ப்பல் சீழ் கட்டி முகம் வீங்கினால், சிஸ்பிளாட்டினால் வெள்ளைக் குருதிக்கலமும் குறைந்திருந்தால், கதிரை இடையில் நிறுத்த வேண்டி வரும். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் இடையில் விடுகிற ஒவ்வொரு நாளும் கட்டிக்கே சாதகம். முன்னால் இரண்டு கிழமை கொடுப்பது நடுவில் ஒரு கிழமை இழப்பதைவிட எவ்வளவோ மேல். அண்ணாவுக்கு இதைத்தான் சொல்லுங்கள்.

அப்பாவின் பயங்களுக்கு வருகிறேன். "பல்லைப் பிடுங்கினால் கேன்சர் பரவும்" என்கிறார். கட்டிக்குத் தள்ளியிருக்கும் பல்லைக் கழற்றுவதால் புற்றுநோய் எங்கும் பரவாது. இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. முரசிலேயே புற்றுநோய் வந்தவர்களுக்கு முதலில் பல் ஆடும், அதைச் சாதாரண ஆட்டம் என்று கழற்றுவார்கள், குழி ஆறாது, பிறகு பரிசோதித்தால் புற்றுநோய் என்று வரும். ஊர்ச் சனம் பார்ப்பது "பல்லுப் பிடுங்கினான், கேன்சர் வந்தது" என்ற வரிசையைத்தான். உண்மையில் கட்டி முதலே இருந்தது. ஆகவே, கட்டிக்குள்ளேயே நிற்கிற பல்லைத் தெருமுனை டிஸ்பென்சரியில் தொட விடக்கூடாது, அதை அறுவைச் சிகிச்சை வைத்தியர் பார்ப்பார். அப்பாவின் கட்டி நாக்கடியில், பல் கீழ்த் தாடையில், இரண்டும் வேறு இடம்.

"மேல் பல்லை எடுத்தால் கண் போகும்" என்பதும் உங்கள் கடிதத்தில் இருந்தது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

எங்கே போவது? மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் வாய், தாடை அறுவைச் சிகிச்சைப் பிரிவு உண்டு. கதிர்ச் சிகிச்சை வைத்தியரிடமே கடிதம் வாங்கி அங்கே காட்டுவதுதான் முதல் வழி, ஒரே இடத்தில் முடியும். இல்லாவிட்டால் கொழும்பு 7, வோட் பிளேசில் இருக்கும் தேசிய பல் வைத்தியசாலை. இரண்டும் அரசாங்கத்தினுடையவை, கழற்றுவதற்குக் காசில்லை. விடியவே போய்விடுங்கள், வரிசை நீளம். கவுண்டரில் அநேகமாகச் சிங்களத்தில்தான் கதைப்பார்கள். அப்பா சமாளித்தாலும், வைத்தியர் சொல்வதை முழுதாக விளங்கிக் குறித்துக்கொள்ளச் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். கையில் கொண்டுபோக வேண்டியவை: பயொப்சி அறிக்கை, கதிர்ச் சிகிச்சைத் தொடக்கத் திகதி எழுதிய கடிதம், அண்மைய இரத்தப் பரிசோதனை, குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றினதும் பட்டியல். தொடக்கத் திகதியைக் கண்டால் அவசரம் விளங்கி முன்னுக்கு எடுப்பார்கள்.

மருந்தைப் பற்றி இரண்டு சொல். அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பல் காயம் ஆறப் பிந்தும், இந்த இரண்டு கிழமையும் மருந்தும் சாப்பாடும் தவறக் கூடாது. அஸ்பிரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் குளிசை இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், சொல்லுங்கள், வைத்தியர் முடிவெடுப்பார். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து. பல் நோவுக்கு நம் ஆட்கள் பாமசியில் சும்மா வாங்கிப் போடும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் இரண்டும் அதே சிறுநீரகத்தைத்தான் அடிக்கும். சிஸ்பிளாட்டின் நாட்களில் அவற்றை வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம். பனடோல் போதாவிட்டால் கிளினிக்கில் வேறு கேளுங்கள். கீமோ ஓடும் நாட்களில் காய்ச்சல் காய்ந்தால் பனடோலைக் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்த்திருக்கவும் வேண்டாம், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பல் கழன்றதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களே அதிகம். மிஞ்சிய பல்லைக் காப்பாற்றுவதுதான் நீண்ட வேலை. எச்சில் சுரப்பிகள் கதிரில் காய்ந்துவிடும். சாதாரண ஆளுக்கு நாளுக்கு அரை லீட்டருக்கு மேல் எச்சில் ஊறும், அதுதான் பல்லைக் கழுவி, அமிலத்தை அடக்கி, எனாமலைத் திருத்துகிறது. எச்சில் போனால் சில மாதங்களுக்குள்ளேயே முரசோரமாகப் பல்லைச் சுற்றிச் சூத்தை ஓடும், ஒரு நாள் பல் அடியோடு ஒடியும். இதற்குத் தடை ஃபுளோரைட். கடையில் வாங்கும் பற்பசையில் 1,000 முதல் 1,500 பிபிஎம் வரை இருக்கும், இவர்களுக்கு 5,000 பிபிஎம் பற்பசையோ, பல்லுக்கு அளவெடுத்துச் செய்த அச்சில் விட்டுப் போடும் ஃபுளோரைட் ஜெல்லோ வேண்டும். அச்சுக்கு அளவெடுப்பதைப் பல் கழற்றும் கிழமையிலேயே செய்யலாம், வாய் புண்ணான பிறகு அளவெடுக்க முடியாது. பல்லையும் அப்போதே சுத்தம் செய்துவிடச் சொல்லுங்கள், வெற்றிலைக் காவி படிந்த பல்லில் காவிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது.

இரண்டாம் கிழமை முடிவில் வாய் புண்ணாகத் தொடங்கும். கடையில் விற்கும், காரமாக எரிகிற மவுத்வாஷ் வேண்டாம், அதில் மதுசாரம் இருக்கும். ஒரு லீட்டர் கொதித்தாறின தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, இதைப் போத்தலில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அடிக்கடி கொப்பளிக்கட்டும். தினமும் புதிதாகக் கரையுங்கள். பிரஷ் மெல்லியதாக இருக்கட்டும், நொந்தாலும் நிறுத்த வேண்டாம். கட்டுப்பல் போடுகிறவர் என்றால் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும், புதிதாகக் கட்டுவது சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்துத்தான். சாப்பாட்டுக்கு இடியப்பத்தை மிளகாயில்லாச் சொதியில் நன்றாக ஊறவைத்துக் கொடுங்கள். எடை குறையாமல் இருக்க இனிப்பான சத்துமா, பால் எல்லாம் தருவார்கள், பல்லுக்குக் கூடாது என்று அதை நிறுத்திவிடாதீர்கள். குடித்ததும் கொப்பளித்தால் போதும். ஆனால் வாய் காய்கிறது என்று நாள் முழுக்கச் சீனி போட்ட வெறுந்தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டிருப்பதும் டொபி சப்புவதும் வேறு. அது பல்லைத் தின்னும், சும்மா தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும்.

வாய் திறக்கும் பயிற்சியை முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். கதிரால் தாடைத் தசை இறுகும், இறுகியபின் திறப்பது மிகக் கஷ்டம். இப்போதே அப்பாவின் மூன்று விரல் நுனிகள் ஒன்றன் மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையில் போகிறதா பாருங்கள். மேல் கீழ் முன்பற்களுக்கு இடையில் 35 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பயிற்சியைக் கூட்ட வேண்டும். வருடக்கணக்காக வெற்றிலை போட்டவர்களுக்குப் பாக்கினாலேயே கன்னத்தின் உட்தோல் தடித்து வாய் ஏற்கெனவே இறுகியிருக்கும், அவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

வெற்றிலையைப் பற்றி ஒன்று கட்டாயம். அப்பா "இப்ப புகையிலை போடுறதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்" என்கிறார் என்றீர்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 இலேயே வெளியிட்டுவிட்டது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுநோய்க்கு என்றால் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சிகிச்சைக்கு நடுவில் சுண்ணாம்பும் பாக்கும் வாய்க்குள் போனால் புண் ஆறாது, பல் கழற்றின குழியும் ஆறாது. சீவலையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல் வைத்தியரிடம் காட்டட்டும். எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும், இருபது வருடம் கழித்து என்றாலும், "எனக்குத் தாடைக்குக் கதிர் வைத்திருக்கு" என்று வாயைக் காட்ட முன் சொல்ல வேண்டும். கதிர் பட்ட இடத்தில் பல் கழற்றுவதை வீதிச் சந்திக் கிளினிக்கில் செய்ய விடாதீர்கள், அது தாடை அறுவைச் சிகிச்சை வைத்தியரின் வேலை.

கடைசியாக உங்கள் மாமியின் விசயம். மார்புப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது, மாதம் ஒருமுறை சொலெட்ரோனிக் அமிலம் என்ற எலும்பு மருந்தை ஏற்றப் போகிறார்கள், அவவுக்கும் பல் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓம், கட்டாயம். கதிர் இல்லாமலே, அந்த மருந்தும் டெனோசுமாப் ஊசியும் தாடை எலும்பின் புதுப்பித்தலைத் தடுத்து, பல் கழற்றின இடத்தை ஆறவிடாமல் செய்யக்கூடும். 2003 இல்தான் இது முதன்முதலாக மருத்துவ உலகில் எழுதப்பட்டது, அதனால் பழைய ஆட்கள் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வருவது சிறு பங்கினருக்கு மட்டும்தான், மருந்தின் நன்மை பெரிது, அதற்குப் பயந்து மருந்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. முதல் ஏற்றத்துக்கு முன் பல்லைப் பார்த்து, கழற்ற வேண்டியதைக் கழற்றி, காயம் மூடியபின் தொடங்கினால் சரி. அப்பாவின் நாளிலேயே மாமியையும் கூட்டிப்போனால் உங்களுக்கு ஒரு அலைச்சல் மிச்சம். மருந்தின் பெயரைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், "எலும்புக்கு ஒரு ஊசி" என்று மட்டும் சொன்னால் பல் வைத்தியருக்கு விளங்காது.